ஏடும் கோப்பும்: எழுத்துருப் பெயர்ச்சியால் நேரும் பாடவேறுபாடுகள்

ஏட்டுச் சுவடியினின்று அச்சுக்கு நூல்கள் பெயர்ந்த காலத்து நேர்ந்த பிழைகளைப் பற்றி நம் முன்னோர் நிரம்ப எழுதியுள்ளனர். அச்சினின்று கணிப்பொறிக் கோப்புக்கும், ஒரு மென்பொருட் பதிப்பினின்று பிறிதொரு பதிப்புக்கும் அதே நூல்கள் பெயருங்கால் நேரும் பிழைகளை மூலபாட ஆய்வு நெறியில் நின்று நோக்கினார் சிலரே. ‘இது கணிப்பொறியாளர் கவலை, தமிழாசிரியர்க்கு இதில் யாது தொழில்?’ என்று கேட்பாரும் உளர். அக்கேள்வி பொருந்தாது என்பதையும், இப்பிழைகள் ஏடெழுதுவோர் பிழைகளைப் போலவே வகைப்படுத்திக் காரணம் காட்டத்தக்கன என்பதையும், அவற்றைக் களையும் கருவி நம் எழுத்திலக்கணத்துள்ளேயே கிடக்கின்றது என்பதையும் சான்று காட்டி நிறுவ முயல்வது இக்கட்டுரை.

முதற்கண் ஏட்டின் இயல்பை நினைவுகூர்தல் தகும். மெய்யெழுத்தும் எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியர் விதி. எனினும், ஓலையில் எழுத்தாணியாற் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று அஞ்சிப் புள்ளியிடாது எழுதினர் என்பர். அதனால் மெய்யும் அகரமேறிய உயிர்மெய்யும் ஒரே வடிவின; எகரமும் ஏகாரமும் ஒரே வடிவின; ஒகரமும் ஓகாரமும் அவ்வாறே. நெடிலைக் காட்டும் காலுக்கும் ரகரத்துக்கும் வேற்றுமை இல்லை. 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த எழுத்துத் திருத்தம் எகர ஏகார, ஒகர ஓகார மயக்கத்தை நீக்கிற்று. ஏனைய மயக்கங்கள் அச்சுக்கலை வேரூன்றிய பின்னரே ஒழிந்தன. சீவக சிந்தாமணியை 1887-இலும், சிலப்பதிகாரத்தை 1892-இலும், புறநானூற்றை 1894-இலும் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், ஒரு வடிவத்துள் மறைந்து கிடந்த இரண்டு மூன்று எழுத்துகளுள் எது பொருந்தும் என்று தேர்வதிலேயே வாழ்நாளிற் பெரும்பகுதியைச் செலவிட்டார். சுருங்கக் கூறின், ஏட்டில் வடிவு ஒன்று. அது குறிக்கும் எழுத்துகள் பல.

கோப்பின் இயல்போ இதற்கு நேர் மறுதலை. கோப்பில் எழுத்து ஒன்றே. அதனைக் குறிக்கும் எண்கள் பல. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரு சொற்கள் கணிப்பொறிக்கு வெவ்வேறு சொற்களாதல் கூடும். இவ்வேற்றுமையைத் தெளியாதார் கோப்பின் பிழைகளை ஏட்டின் பிழைகளோடு ஒன்றாக எண்ணி, ‘கண்ணாற் படித்துத் திருத்திவிட்டோம்’ என்று அமைதி கொள்கின்றனர். கண்ணாற் படித்துத் திருத்தல் பாதி வேலையே ஆம்.

இந்நிலை வந்த வரலாற்றைச் சிறிது காண்பாம். கணிப்பொறி எழுத்தை எழுத்தாக அறியாது, எண்ணாகவே அறியும். 1980களிலும் 1990களிலும் வழங்கிய முறையில் ஓர் எழுத்துருவில் 256 இடங்களே உண்டு. அவற்றுட் பாதி ஆங்கில எழுத்துக்கும் குறிகளுக்கும் உரியன. தமிழின் 247 எழுத்துகளை அப்படியே அடக்க இயலாமையின், கொம்பு, கால், விசிறி முதலிய உறுப்புகளாகப் பிரித்து இருந்த இடத்தில் அடுக்கினர். எவ்வுறுப்புக்கு எவ்வெண் என்பதை ஒவ்வோர் எழுத்துரு ஆக்குநரும் தம் விருப்பப்படியே வகுத்துக்கொண்டனர். ஈழத்தாரிடையே பெரிதும் பரவிய பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று எழுதினால், கோப்பினுள் இருப்பன ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. எழுத்துருவை நீக்கினால் தமிழ் நீங்கிவிடும். மயிலை, முரசு அஞ்சல், வானவில், ஸ்ரீலிபி முதலியனவும் இவ்வாறு தத்தம் வழியே சென்றன. 1999 பிப்ரவரியிற் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டரசு டாம், டாப் என்னும் இரு குறியேற்றங்களையும் தமிழ் 99 விசைப்பலகையையும் தரமாக அறிவித்தது. உலகெங்கும் பரந்த ஆர்வலர் கூடி டிஸ்கி என்னும் குறியேற்றத்தை வகுத்தனர். தரம் ஒன்று வேண்டும் என்று புறப்பட்ட முயற்சி மூன்று தரங்களில் முடிந்தது என்க.

இதற்கிடையே 1991-இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடம் கொண்ட ஒரு பகுதி ஒதுக்கப்பட்டிருந்தது. இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக வகுக்கப்பட்ட இஸ்கி அமைப்பைத் தழுவியது அது. ஆயினும், 2000-ஆம் ஆண்டின் விண்டோஸ் பதிப்பு லதா எழுத்துருவோடு வந்த பின்னரே அஃது எழுதுவோர் கைக்கு எட்டியது. கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு தொடங்கிய 2010 ஜூன் 23-ஆம் நாளிற் பிறந்த அரசாணை, ஒருங்குறியையும் டேஸ்16 என்னும் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தையும் தரமாக்கிற்று. ஆணை பிறந்த பின்னும் பழைய எழுத்துருக்கள் அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் நெடுங்காலம் நீடித்தன என்பது நாம் அனைவரும் அறிந்ததே.

கடலூரிலிருந்து சிதம்பரம் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். இவ்விடைவெளிக்குள் ஓர் ஆய்வேடு எத்தனை முறை உருமாறுகின்றது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கடலூர்த் தட்டச்சு நிலையத்தில் பேஜ்மேக்கர் மென்பொருளில் ஒரு பழைய எழுத்துருவில் அடிக்கப்படும். பேஜ்மேக்கரின் இறுதிப் பதிப்பு 2001-இல் வந்த ஏழாம் பதிப்பு. அஃது ஒருங்குறியை அறியாது. நெறியாளர் திருத்துதற்பொருட்டு அதனை எழுத்துரு மாற்றியில் இட்டு வேர்டு கோப்பாக அனுப்புவர். நெறியாளர் கணிப்பொறியில் 2003-ஆம் ஆண்டுப் பதிப்பு இருப்பின், 2007-இற் புகுந்த புதிய கோப்பு வடிவம் இணைப்பு மென்பொருளின்றித் திறவாது; ஆகவே பழைய வடிவிற் சேமித்து மீண்டும் அனுப்புவர். மாணவர் அதனைக் கைப்பேசியில் திறந்து திருத்துவர். இறுதியில் சிதம்பரத்தில் மற்றொரு நிலையத்தில் மற்றொரு மென்பொருளில் பக்கம் அமைக்கப்படும். ஓர் ஏடு நூறாண்டில் அடையும் பிரதிப் பெயர்ச்சிகளை இவ்வாய்வேடு ஒரு திங்களில் அடைந்துவிடுகின்றது.

இனிப் பிழைகளைக் காண்பாம். கண்ணுக்குத் தெரிவன, கண்ணுக்குத் தெரியாதன என அவற்றை இரு கூறாக்கலாம்.

தெரிவனவற்றுள் முதலிற் கூறத்தக்கது, மென்பொருளே திருத்தம் செய்ய முற்படுவதால் வருவது. வேர்டு சொற்செயலி பத்தியின் முதலெழுத்தைத் தானே ஆங்கிலப் பேரெழுத்தாக்கும் இயல்புடையது. பாமினியில் எழுதிய தமிழை அஃது ஆங்கிலம் என்றே கொள்ளுதலின், முதலிற் சிற்றெழுத்து இருப்பின் அதனைப் பேரெழுத்தாக்கிவிடும். அவ்வெழுத்துருவில் சிற்றெழுத்து அகரமேறிய உயிர்மெய்யாயின் பேரெழுத்து உகரமேறிய உயிர்மெய் ஆதலின், ‘தமிழ்’ என்பது ‘துமிழ்’ ஆகும். இது பொருளற்ற சொல். படிப்போர் உடனே காண்பர். ஆனால் ‘கடல்’ என்பது ‘குடல்’ ஆகின்றது; ‘பகல்’ என்பது ‘புகல்’ ஆகின்றது; ‘கலம்’ என்பது ‘குலம்’ ஆகின்றது. இவை யாவும் நற்றமிழ்ச் சொற்களே. செய்யுளை உள்ளிடுங்கால் ஒவ்வோர் அடியும் தனிப் பத்தியாக அமைதலின், ஒவ்வோர் அடியின் முதலெழுத்தும் இவ்விடர்க்கு உள்ளாகும். நெய்தற் பாட்டொன்றில் கடல் இவ்வாறு குடலாயின் நகைத்துத் திருத்திவிடலாம். ‘கலம்’ ‘குலம்’ ஆன இடத்தில் நகைப்பு எழாது. புதுப்பாடம் ஒன்று கிடைத்ததாகவே மாணவர் மகிழக்கூடும்.

இதனைத் தொடை கொண்டு ஓரளவு காக்கலாம். அகரத்துக்கு மோனையாவன ஆ, ஐ, ஔ என்பன. உகரம் அவ்வினத்துள் அடங்காது. ஆகலின் ககரமுதற் சொல் குகரமுதலாயின் அவ்வடியின் மோனை குலையும். மோனை குலைந்த அடிகளை மட்டும் பிரித்தெடுத்து மூலத்தோடு ஒப்பிட்டாற் பெரும்பாலான பிழைகள் அகப்படும். எதுகையோ இங்கு உதவாது. அஃது இரண்டாம் எழுத்தைப் பற்றியதாகலின் கெடாமலே நிற்கும்.

மற்றொன்று இகரம் மறைதல். டிஸ்கிக் குறியேற்றத்தில் இகரத்துக்கு முதலில் வகுத்த இடம் 173. உலகப் பொதுவழக்கில் அவ்வெண் சொல்லை வரியிறுதியில் உடைத்தற்குரிய மெல்லிணைகோட்டைக் குறிப்பது. வரி உடையாவிடில் அது கண்ணுக்குத் தோன்றாது. எனவே சில செயலிகளில் இகரம் இருந்தும் இல்லாததாயிற்று. பின்னர் அதற்கு வேறிடம் அளித்தனர். முந்திய பதிப்பில் எழுதிய கோப்புகள் மட்டும் அப்பழங்குறையோடு எஞ்சின. ‘இன்மை’ என்பது ‘ன்மை’ ஆயின், மெய் மொழிக்கு முதலாகாது என்னும் விதியறிந்த எவரும் பிழையெனக் கூறுவர். ‘இகல்’ ‘கல்’ ஆனபோதும், ‘இமை’ ‘மை’ ஆனபோதும் அவ்விதி துணைசெய்யாது. ஆண்டுச் சீர் குறைவதைக் கொண்டே காணல் வேண்டும்.

மூன்றாவது காலும் ரகரமும் மயங்குதல். ஏட்டில் இருந்து நூற்றாண்டுகட்கு முன் ஒழித்த இம்மயக்கம் கோப்பில் மீண்டும் புகுந்தது வியப்பே. எழுத்துரு மாற்றியின் பட்டியலில் ஓரிடம் பிறழ்ந்தாலும், அச்சுப் பக்கத்தை ஒளிவருடி எழுத்துணரியில் இட்டாலும், தட்டச்சுச் செய்வோர் வடிவொப்புமை கருதி ஒன்றற்கு மற்றொன்றைத் தட்டினாலும் இது நேரும். ‘தரம்’ ‘தாம்’ ஆகும். ‘மரல்’ ‘மால்’ ஆகும். பாலை நிலத்து மரல் மாலாயின் திணையே மயங்கும்.

யான் மதிப்பிட நேர்ந்த ஆய்வேடு ஒன்றில் பாண்டிமாதேவியின் சிலம்பில் இருந்தது ‘முத்துப் பால்’ என்று காணப்பட்டது. ‘முத்துப் பரல்’ என்பதே ஆய்வாளர் முதலில் எழுதியது. மாற்றத்தில் ரகரம் காலாயிற்று. இதனை எழுத்துப் பிழை என்று கடந்திருப்பேன். ஆனால் அடுத்த வரியில், முத்தின் வெண்மை பாலை ஒத்தலின் அவ்வாறு கூறப்பட்டது என்ற விளக்கமும் இருந்தது. தாம் எழுதியதைத் தாமே ஒரு திங்கள் கழித்துப் படித்தபோது, பிழைபட்ட பாடத்துக்கு அவர் உரை கண்டுவிட்டார். பிழை பொறியின் வினை; உரை மனிதன் வினை. ஏட்டுப் பிழைகளுக்கும் இவ்வாறே உரைகள் பிறந்தன என்பதை நம் பதிப்பு வரலாறு காட்டும். அவை பிறக்கத் தலைமுறைகள் வேண்டியிருந்தன. இதற்கு ஒரு திங்கள் போதியதாயிற்று. மேலும், வழக்குரை காதையில் அரசனும் கண்ணகியும் உரையாடுமிடத்து இளங்கோவடிகள் ஆளும் சொல் ‘அரி’ என்பது; ‘பரல்’ என்பது நம் உரைநடை வழக்கு. மூலத்தை ஒருமுறை புரட்டியிருப்பின் பால் அங்கே இல்லை என்பது தெளிந்திருக்கும். ஆகவே கோப்பின் மீது மட்டும் பழியை ஏற்றுதல் முறையன்று.

இனிக் கண்ணுக்குத் தெரியாத பிழைகள். இவையே மிகக் கொடியன என்பது என் துணிபு.

பழைய அச்சு மரபில் ரகரம் புள்ளியோ இகர ஈகாரக் குறியோ பெறுங்கால் தன் அடிக்கோட்டை இழந்து காலின் வடிவே கொள்ளும். பழைய எழுத்துருக்களில் எழுதியோர் இவ்வடிவொப்புமை கருதி, ‘அவர்’ என்று எழுத வேண்டிய இடத்து வகரத்தின் பின் காலைத் தட்டி அதன் மேற் புள்ளியிட்டனர். தாளில் குற்றம் ஒன்றும் இல்லை. அக்கோப்பை ஒருங்குறிக்கு மாற்றியபோது, காலும் புள்ளியுமே மாறின. இப்போது கோப்பில் இருப்பது அகரமும், வகர ஆகாரமும், ஆகாரத்தின் மேல் ஒரு புள்ளியும் ஆகும். நெடில் புள்ளி பெறும் என்று தொல்காப்பியரும் கூறவில்லை, பவணந்தியாரும் கூறவில்லை. ஆயினும் இன்று இணையத்தில் உள்ள செய்தித்தாள் பக்கங்களிலும் அரசு ஆவணங்களிலும் இவ்வடிவம் ஆயிரக்கணக்கில் உலவுகின்றது. கண் அதனை ‘அவர்’ என்றே படிக்கும். தேடுபொறி அதனை ‘அவர்’ என்று அறியாது.

சொற்பயன்பாட்டை எண்ணி ஆராயும் ஆய்வுகள் பெருகிவரும் இக்காலத்து இதன் விளைவு சிறிதன்று. ஓர் ஆசிரியர் பலர்பாலீற்றுச் சொற்களை எத்துணை முறை ஆண்டார் என்று கோப்பில் எண்ணிக் கூறும் மாணவர், ரகர ஈற்றுள் ஒரு பகுதியை அறியாமலே விட்டுவிடுகின்றார். அவர் தரும் எண் துல்லியம். அவ்வெண் குறிக்கும் பொருள் பிழை. எண்ணிக்கை தவறு என்று காட்டவும் எவராலும் இயலாது. அச்சிட்ட படியைக் கையால் எண்ணிப் பார்ப்பார் யார்?

ஔகாரத்தின் நிலை இதனினும் சிறிது சுவையுடையது. ‘ஔவையார்’ என்பது நான்கெழுத்துச் சொல். அதனை ஒகரமும் ளகரமும் தனித்தனியே இட்டு எழுதினால் ஐந்தெழுத்தாகும். கண்ணுக்கு வேற்றுமை அரிதிற் புலனாகும். அகரநிரலில் அமைத்த புலவர் பட்டியலில் ஔவையார் ‘ஒளி’ என்பதன் அண்டையில் சென்று அமர்வார். உயிர்மெய்யிலும் இவ்வாறே. ‘பௌவம்’ என்பதனைப் பகர எகரமும் ளகரமுமாக இட்டால், நேர்நேராகிய தேமாச்சீர் நிரைநேராகிய புளிமாவாக மாறுகின்றது. அதற்கு முன் மாச்சீர் நிற்பின், நேரொன்றாசிரியத்தளை இயற்சீர் வெண்டளையாகப் பொறியாற் கணிக்கப்படும். ஓர் ஆசிரியப்பாவில் வெண்டளை இத்துணை விழுக்காடு விரவியது என்று யாப்பாராய்ச்சி செய்வோர், தம் கணக்கில் இவ்வகைப் போலித் தளைகள் எத்துணை என்று வினவிக்கொள்ளல் வேண்டும்.

ஒருங்குறியினுள்ளேயே இருவகை எழுத்துமுறை அமைந்திருத்தலையும் இங்குக் கூறல் வேண்டும். ஒகர உயிர்மெய்க் குறியை ஓர் எண்ணாலும் குறிக்கலாம். கொம்பும் காலுமாக இரண்டு எண்ணாலும் குறிக்கலாம். இரண்டும் ஒன்றே எனக் கொள்ளுமாறு ஒருங்குறி விதி செய்துள்ளது. ஆனால் அவ்விதியைக் கைக்கொள்ளாத எளிய செயலிகள் அவற்றை வேறாகவே கருதும். ‘ஸ்ரீ’ என்பதற்கும் இரு வழிகள் உண்டு. வடமொழிச் சகரத்தைக் குறிக்கும் தனியெழுத்து 2005-இல் வந்த 4.1 பதிப்பிலேயே சேர்ந்தது. அதற்கு முன் எழுதியோர் ஸகரத்தைக் கொண்டே அக்கூட்டெழுத்தை அமைத்தனர். எனவே வைணவ உரைநூல் ஒன்றில் இச்சொல்லைத் தேடுவோர் இருமுறை தேடுதல் வேண்டும். தமிழ்ச் சுழியமும் அதே பதிப்பிற் சேர்ந்ததே. முந்திரி, காணி, மா முதலிய பின்ன எண் குறிகள் 2019-இல் வந்த 12-ஆம் பதிப்பிற்றான் இடம்பெற்றன. கணக்கதிகாரம் போன்ற நூலை அக்குறிகளோடு இன்று உள்ளிட்டுப் பழைய கணிப்பொறியில் திறப்பின் கட்டங்களே தோன்றும். ஆய்தத்துக்கு ஒருங்குறி இட்ட பெயர் வடமொழி விசர்க்கத்தின் பெயர் என்பதையும் போகிறபோக்கிற் குறிக்கலாம். குற்றியலிகரம், குற்றியலுகரங்களோடு ஒருங்கு எண்ணித் தொல்காப்பியர் சார்பெழுத்தென வகுத்ததை வடமொழிக் குறியாகக் கொண்டது அறியாமையே. எனினும், பெயர் பிழையேயன்றி எழுத்து நமக்குரிய இடத்திற் பத்திரமாக இருத்தலின் அதுபற்றி மிகப் பேசுதல் வேண்டா.

எழுத்தேயன்றிப் பக்க அமைப்பும் பெயர்ச்சியாற் கெடும். ஒரு கணிப்பொறியில் உள்ள எழுத்துரு பிறிதொன்றில் இல்லையாயின் சொற்செயலி வேறோர் எழுத்துருவைத் தானே இட்டுக்கொள்ளும். எழுத்தின் அகலம் மாற, வரி மாறும். வரி மாறப் பக்கம் மாறும். பொருளடைவிலும் சொல்லடைவிலும் காட்டிய பக்க எண்கள் பயனற்றுப் போகும். இதனினும் கேடு பயப்பது அடிக்குறிப்பின் நிலை. பேஜ்மேக்கரில் அடிக்குறிப்பைத் தானே அமைக்கும் ஏற்பாடு இல்லாமையின், பக்கந்தோறும் அடியில் அதனைக் கையாற் பொருத்துவர். அவ்வுரைப்பகுதியை எடுத்து வேர்டில் ஒட்டும்போது அடிக்குறிப்பு பாட்டின் நடுவே வந்து விழும். ஓலையின் ஓரத்தில் எழுதிய குறிப்பைப் பின்வந்தோர் மூலத்தோடு சேர்த்து எழுதியதால் இடைச்செருகல் தோன்றியது என்று வகுப்பிற் கற்பிக்கின்றோம். அதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு மாணவர்க்குக் கிடைப்பதரிது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1950களில் தொடங்கிப் பல சுவடிகளை ஒப்புநோக்கி வெளியிட்ட கம்பராமாயணப் பதிப்பை அடிக்குறிப்பிலுள்ள பாடவேறுபாடுகளுடன் இவ்வாறு மாற்ற நேரின், பாடம் எது, வேறுபாடு எது என்று பிரித்தறிய வழியில்லாது போகும்.

‘எல்லாவற்றையும் பி.டி.எஃப். வடிவில் வைத்துக்கொண்டால் இடரில்லை’ என்பாரும் உளர். தோற்றம் மாறாது என்ற அளவில் அக்கூற்று மெய்யே. ஆனால் தோற்றத்தின் உள்ளே இருப்பது பழைய எழுத்துருவின் எண்களே. பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் வகுத்த விதிமுறையை ஒட்டி நாட்டின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் சோத்கங்கா தொகுப்பில் இடம்பெற்று வருகின்றன. ஆங்குள்ள தமிழ் ஆய்வேடு பலவற்றில் ஒரு சொல்லைத் தேடினாற் கிடைப்பதில்லை. ஒரு வரியைப் படியெடுத்தால் ஆங்கில எழுத்துகளின் குவியலே கைக்கு வரும். அவை படிக்கப்படும், ஆனால் ஆராயப்படா. தில்லைக் கோயிலில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளுட் பெரும்பகுதியைச் செல் அரித்தது என்பது உமாபதி சிவாசாரியார் பெயரால் வழங்கும் திருமுறைகண்ட புராணம் கூறும் செய்தி. அங்கே ஏடு அழிந்தது; பதிகமும் அழிந்தது. இங்கே ஏடு அழியாமற் கண்முன் இருக்கப் பயன் மட்டும் பூட்டுண்டு கிடக்கின்றது. இருவகை இழப்பும் ஒன்றல்ல. இரண்டாவது இன்னும் மீட்கத்தக்கது. ஆனால் பழைய எழுத்துருக்களின் இட வரையறையை அறிந்தோர் உள்ளபோதே அம்மீட்பு நடைபெறல் வேண்டும். 1990களின் நெகிழ்வட்டுகளைத் திறக்கும் கருவியே இன்று அரிதாயிற்று. 2011 டிசம்பர் 30-இல் கடலூர்க் கரையிற் புகுந்த தானே புயலும், 2015-ஆம் ஆண்டின் பெருவெள்ளமும் இப்பகுதியில் நனைத்த பொருள்களுள் இத்தகைய வட்டுகள் இரா என்று யார் கூறவல்லார்?

டேஸ்16 குறியேற்றத்தை ஆதரிப்போர் வாதத்தையும் நடுநின்று நோக்கல் வேண்டும். உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் தருதலின், எழுத்தெண்ணுதலும் யாப்பாராய்தலும் எளிதாகும் என்பது அவர்கள் கூற்று. ஒருங்குறி ககரத்தை முதலாகக் கொண்டு புள்ளியை மேற்குறியாக இடுவது, மெய்யை முதலாகவும் உயிரை அதன்மேல் ஏறுவதாகவும் கொள்ளும் நம் இலக்கண நெறிக்கு முரணானது என்பதும் அவர்கள் கூற்று. இலக்கண நோக்கில் இவ்வாதத்தில் வலிமை உண்டு. ஆயினும் டேஸ்16 அமைந்த இடம் ஒருங்குறியின் தனிப்பயன் பகுதி. அப்பகுதியின் எண்களுக்கு உலகப் பொதுப்பொருள் இல்லை. உரிய எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் அக்கோப்பு ஊமையாகும். நாம் விட்டு வெளிவந்த பழைய நிலையே அது. ஆராய்ச்சி அறையினுள் கணக்கிடுதற்கு அதனைக் கருவியாகக் கொள்ளலாம். நூலைப் பிறர்க்கு அளிக்குங்கால் ஒருங்குறியே தக்கது என்பது என் கருத்து. வேண்டியபோது ஒன்றினின்று மற்றொன்றுக்கு மாற்றிக்கொள்ளும் வழியும் உண்டன்றோ?

பிழை காணும் கருவியைப் பற்றிச் சிறிது விரித்துரைப்பாம். பொறியாளர் இதற்கெனப் புதிய விதிகளைத் தேடி அலைதல் வேண்டா. நூன்மரபில் மெய்ம்மயக்கமும், மொழிமரபில் மொழிமுதலும் மொழியிறுதியும் தொல்காப்பியர் வரையறுத்துள்ளார். எவ்வெழுத்து எதனோடு மயங்கும், எது சொல்லுக்கு முதலாகும், எது ஈறாகும் என்னும் இவ்விதிகளைக் கோப்பின் மீது செலுத்தினால், அவற்றை மீறிய இடமெல்லாம் உடனே வெளிப்படும். உயிர்க்குப் பின் கால், காலின் மேற் புள்ளி, கொம்பின் பின் தனி ளகரம், சொல்லுக்கு முதலில் னகரம் ஆகியவற்றைப் பட்டியலிட்டுத் தருமாறு ஒரு சிறு நிரல் எழுதுதல் அரிய செயலன்று. கொம்பின் பின் ளகரம் வருமிடத்து மட்டும் அறிவு வேண்டும். ‘தெளவு’ எனக் கண்டால் ‘தௌவு’ எனக் கொள்க. ‘தெளிவு’ எனக் கண்டாற் கைவையாதே என்று பொறிக்குக் கற்பிப்பது இலக்கணமறிந்தார் கடமை. முதுகலை மாணவர்க்கு எழுத்ததிகாரத்தைக் கற்பிக்கும்போது இப்பயிற்சியையும் உடன் அளித்தால், அவ்வதிகாரம் தேர்வுக்கு மட்டும் உரியதன்று என்பது அவர்கட்குப் புலனாகும்.

விதிக்குட்பட்ட பிழைகள், அஃதாவது பரல் பாலாவதும் கடல் குடலாவதும் போல்வன, அந்நிரலுக்கு அகப்படா. அவற்றுக்கு மூலத்தோடு ஒப்பிடுதலைத் தவிர வேறு வழியில்லை. ஒருங்குறிக்கு மாற்றிய கோப்பை மீண்டும் பழைய எழுத்துருவுக்கே மாற்றி, முதற்கோப்போடு எண்ணுக்கு எண் ஒப்பிடும் முறை மாற்றியின் பிழைகளைக் காட்டும். தட்டச்சின் பிழைகளைக் காட்டாது. இருவர் அமர்ந்து ஒருவர் படிக்க ஒருவர் பார்க்கும் பழைய முறையே அதற்கு உரியது. ஆறுமுக நாவலர் 1864-இற் சைவப்பிரகாச வித்தியாசாலை நிறுவிய இச்சிதம்பரத்தில், பிழையற்ற பதிப்பு என்பதன் பொருளை வேறெங்கும் சென்று கற்க வேண்டியதில்லை.

1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளிற் கு. கல்யாணசுந்தரம் முதலியோர் தொடங்கிய மதுரைத் திட்டம் ஒரு வகையில் நமக்கு முன்மாதிரி. அத்திட்டத்தின் நூல்கள் முதலில் தனி எழுத்துருக்களிலும், பின்னர் டிஸ்கியிலும், அதன் பின்னர் ஒருங்குறியிலும் வெளியாயின. அம்மின்னூல்களின் முகப்பில் உள்ளிட்டவர், மெய்ப்புப் பார்த்தவர், குறியேற்றம் ஆகியன குறிக்கப்பட்டிருத்தலைக் காணலாம். ஏட்டின் இறுதியில் எழுதியவர் பெயரும் ஆண்டும் திங்களும் குறித்த நம் பழைய வழக்கம் இவ்வாறு புத்துருப் பெற்றுள்ளது. ஆனால் எந்த அச்சுப் பதிப்பினின்று எடுக்கப்பட்டது என்னும் குறிப்பு எல்லா நூல்களிலும் ஒரே நிறைவோடு இல்லை. அதனால் ஆய்வாளர் அவற்றை மேற்கோளுக்கு ஆளுங்கால் அச்சுப்படியை ஒருமுறை நோக்கியே ஆள வேண்டும்.

நம் துறைகள் ஏற்கும் ஆய்வேடுகளிலும் இத்தகைய குறிப்பு இன்றியமையாதது. மேற்கோட் பாடல்கள் அச்சுப்படியினின்று உள்ளிடப்பட்டனவா, மின்னூலினின்று எடுக்கப்பட்டனவா. முதலில் எவ்வெழுத்துரு, எக்குறியேற்றம். எம்மாற்றி கொண்டு எந்நாளில் மாற்றப்பட்டது. ஒகர ஔகாரக் குறிகள் ஒருநெறிப்படுத்தப்பட்டனவா. ஒப்புநோக்கியவர் யார் என்பனவற்றை முன்னுரையின் இறுதியில் அரைப்பக்க அளவில் எழுதினாற் போதும். கட்டிய படியோடு, அலங்காரம் ஏதுமற்ற வெறும் ஒருங்குறி எழுத்துக் கோப்பு ஒன்றையும் பெற்று நூலகத்தில் வைத்தல் வேண்டும். சொற்செயலிகளின் வடிவங்கள் பத்தாண்டுக்கு ஒருமுறை மாறும். வெறும் எழுத்துக் கோப்பை எச்செயலியும் திறக்கும். மேற்கோட் பாடல்கள் வந்த அச்சுப்பக்கங்களின் ஒளிப்படங்களையும் அதனுடன் சேர்த்து வைப்பின், ‘பால்’ என்று கண்ட இடத்து ‘பரல்’ இருந்ததா என்று இருபதாண்டு கழித்து வரும் ஒரு மாணவர் தாமே பார்த்துக்கொள்வார்.